உஷ்ணநிலையும் தனிப்பூஜ்யமும்

கோடைக்காலத்தில் தினசரிப் பத்திரிகைகளைப் பிரித்தால், தமிழ்நாட்டில் வெயில் மிகுதியாகக் காய்ந்த ஊர்களின் வரிசையில் திருத்தணியின் பெயரை அடிக்கடி காணலாம். அதற்கு அண்மையிலுள்ள ஆர்.கே.பேட்டை வாசிகளுக்கு அச்செய்தி புதிதன்று. தறிக்கொட்டகையின் கூரை அதனை முன்னரே அவர்களுக்கு அறிவித்திருக்கும். ஆயின், "இன்று 42 டிகிரி" என்று நாம் கூறும்போது, எதனை அளந்து, எவ்விடத்திலிருந்து எண்ணி, அந்த 42-ஐப் பெற்றோம் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. முழக்கோலுக்கு ஒரு முனை உண்டு. அம்முனையிலிருந்து துணியை அளக்கிறோம். தராசுக்கு வெறுந்தட்டு உண்டு; அந்நிலையிலிருந்து பொருளை நிறுக்கிறோம். உஷ்ணநிலைக்கு அத்தகைய முனை எங்கே இருக்கிறது? அம்முனை மனிதர் வைத்ததா, இயற்கை வைத்ததா? இவ்வினாக்களுக்குப் பௌதிக சாஸ்திரம் கூறும் விடையைச் சுருக்கமாக ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்கு நம் திருவள்ளூர் மாவட்டத்தைவிடத் தகுந்த இடம் கிடைப்பது அரிது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் எஃகு ஆலைகளில் 1,500 டிகிரியளவில் இரும்பு உருகிக் கொதிக்கிறது. எண்ணூரில், காமராஜர் துறைமுகத்தையடுத்து 2019-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நிலையத்தில், இயற்கை வாயு சென்டிகிரேடு பூஜ்யத்துக்குக் கீழ் 162 டிகிரியில் திரவமாகச் சேமிக்கப்படுகிறது. மாவட்டத்தின் வட எல்லைக்கு அப்பால், பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவில், பூஜ்யத்துக்குக் கீழ் 253 டிகிரியிலுள்ள திரவ ஹைட்ரஜனை ஏற்றிக்கொண்டு ராக்கெட்டுகள் எழும்புகின்றன. இவ்விடங்களில் வேலை பார்ப்போர் நம்மவரே. நம் கல்லூரிகளில் பயின்று வெளியேறும் இளைஞர் பலர் இத்தகைய ஆலைகளுக்கே செல்கின்றனர். அவர்களுக்கு உஷ்ணநிலை என்பது பரீட்சைக்குரிய பாடம் மட்டுமன்று. உயிர்காக்கும் அறிவும் ஆகும்.

முதற்கண், தொட்டறிதல் உஷ்ணநிலையை அறிதல் ஆகாது என்பதை உணரவேண்டும். மார்கழிக் காலையில் தறியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டால் சில்லென்றிருக்கிறது. அருகிலுள்ள மரச்சட்டம் அவ்வாறு இல்லை. இரவு முழுவதும் ஒரே கொட்டகையில் இருந்த இவ்விரண்டின் உஷ்ணநிலையும் ஒன்றே. இரும்பு நம் விரலின் உஷ்ணத்தை விரைவாக வாங்கிச் செல்கிறது, மரம் மெதுவாக வாங்குகிறது என்பதே வேறுபாடு. நம் தோல் உணர்வது உஷ்ணம் பெயரும் வேகத்தையேயன்றிப் பொருளின் உஷ்ணநிலையை அன்று.

இரண்டாவதாக, உஷ்ணம் வேறு, உஷ்ணநிலை வேறு. சாணைக்கல்லில் இரும்பைத் தீட்டும்போது பறக்கும் தீப்பொறி ஆயிரம் டிகிரியளவில் இருக்கக்கூடும். அது கையில் பட்டால் பெரும்பாலும் ஒரு சுரீர் என்ற உணர்ச்சியோடு மறைந்துவிடும். ஒரு குடம் கொதிநீர் 100 டிகிரியே ஆயினும், உடலிற் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. பொறியில் உஷ்ணநிலை மிகுதி, உஷ்ணம் சொற்பம்; குடத்தில் உஷ்ணநிலை குறைவு, உஷ்ணம் ஏராளம். குளத்திலுள்ள நீரின் அளவையும் அந்நீர் நிற்கும் மட்டத்தையும் நாம் ஒன்றாகக் கருதுவதில்லை அல்லவா? நீர் மிகுதியுள்ள இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு ஓடுவதில்லை. உயர்ந்த மட்டத்திலிருந்து தாழ்ந்த மட்டத்துக்கே ஓடுகிறது. அவ்வாறே உஷ்ணமும் உயர்ந்த உஷ்ணநிலையிலிருந்து தாழ்ந்த உஷ்ணநிலைக்குச் செல்கிறது. இரு பொருள்கள் தொட்டுக்கொண்டிருந்தும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உஷ்ணம் செல்லாவிடின், அவை ஒரே உஷ்ணநிலையில் உள்ளன என்கிறோம். உஷ்ணமானி வேலை செய்வது இவ்விதியைக் கொண்டே. நாவின் கீழ் வைத்த பாதரசம், உடலின் உஷ்ணநிலையைத் தானும் அடைந்து, தன் நீளத்தால் அதனை நமக்குக் காட்டுகிறது.

நிற்க. அந்நீளத்துக்கு எண் கொடுத்தவர் மனிதரே. சுவீடன் தேசத்து வானசாஸ்திரியாகிய செல்சியஸ் 1742-இல் தம் அளவுமுறையை வகுத்தபோது, நீர் கொதிக்கும் நிலைக்குப் பூஜ்யம் என்றும், உறையும் நிலைக்கு 100 என்றும் குறித்தார்! பின்வந்தோரே அதனைத் தலைகீழாக மாற்றினர். பாரன்ஹீட்டின் முறையிலோ நீர் 32 டிகிரியில் உறைகிறது. ஆகவே, இம்முறைகளில் காணப்படும் பூஜ்யம் 'ஒன்றுமில்லை' என்னும் பொருளுடையதன்று. வழிப்போக்கர் வசதிக்கெனப் பாதையின் நடுவே நட்ட மைல்கல் போன்றது.

இதனால் நேரும் மயக்கம் ஒன்று உண்டு. காலையில் 20 டிகிரியாயிருந்த உஷ்ணநிலை பிற்பகலில் 40 டிகிரி ஆனால், அது இருமடங்காயிற்று என்று சொல்லலாமா? அதே இரு நிலைகள் பாரன்ஹீட் முறையில் 68, 104 என்றாகின்றன. 104 என்பது 68-இன் இருமடங்கன்று. இயற்கையிலுள்ள ஓர் உண்மை, நாம் கையாளும் முறையைப் பொறுத்து மாறுமா? மாறாது. ஆதலின், இருமடங்கு, மும்மடங்கு என்று நியாயமாகப் பேசவேண்டுமானால், இயற்கையே வைத்த பூஜ்யம் ஒன்றைக் கண்டறிந்தாகவேண்டும்.

அதற்கான முதற்குறிப்பு வாயுக்களிடமிருந்து கிடைத்தது. பிரான்சு தேசத்து விஞ்ஞானிகளாகிய சார்லஸ், கே-லுசாக் ஆகியோர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் செய்த சோதனைகளால் ஒரு விந்தை வெளிப்பட்டது. அழுத்தம் மாறாதவாறு வாயுக்களைக் குளிர்வித்தால், காற்றாயினும் ஹைட்ரஜனாயினும், அவை ஏறக்குறைய ஒரே விகிதத்தில் சுருங்குகின்றன. பூஜ்யம் டிகிரியில் 273 படி அளவுள்ள வாயுவை எடுத்துக்கொள்வோம். அது 27 டிகிரியில் 300 படி ஆகும். பூஜ்யத்துக்குக் கீழ் 73 டிகிரியில் 200 படி ஆகும். கீழ் 173 டிகிரியில் 100 படி ஆகும். ஒரு டிகிரிக்கு ஒரு படி வீதம் குறைந்துகொண்டே போனால், பூஜ்யத்துக்குக் கீழ் 273 டிகிரியில் கணக்கின்படி ஒன்றும் மிஞ்சாது. உண்மையில் எந்த வாயுவும் அவ்வாறு மறைந்தொழிவதில்லை. அந்நிலையை எட்டுமுன்னரே திரவமாகிவிடும். ஆயினும், எல்லா வாயுக்களின் கணக்கும் ஒரே இடத்தைச் சுட்டுவது தற்செயலாக இருக்கமுடியாது. நுட்பமாகக் கண்ட எண் பூஜ்யத்துக்குக் கீழ் 273.15 டிகிரி. இதுவே தனிப்பூஜ்யம் எனப்படுவது.

ஆனால் வாயுவை மட்டும் நம்பி ஓர் அளவை நிறுவலாமா? பாதரச உஷ்ணமானியும் சாராய உஷ்ணமானியும் உறைநிலையிலும் கொதிநிலையிலும் ஒத்துக் காட்டும்படி செய்யப்பட்டாலும், இடைப்பட்ட நிலைகளில் சிறிது வேறுபடுவதுண்டு. எப்பொருளையும் சாராத அளவு வேண்டும் என்று கருதிய வில்லியம் தாம்சன் என்னும் பேரறிஞர் 1848-இல் ஒரு வழி கூறினார். உஷ்ணத்தைக் கொண்டு வேலை செய்யும் இயந்திரங்களைப்பற்றி பிரான்சு தேசத்துக் கார்னோ 1824-இல் வெளியிட்ட ஆராய்ச்சியே அவ்வழிக்கு அடிப்படை. குறையற்ற ஓர் இயந்திரம் சூடான இடத்திலிருந்து 100 பங்கு உஷ்ணத்தை வாங்கி, குளிர்ந்த இடத்தில் 50 பங்கைக் கழித்துவிட்டு, எஞ்சிய 50 பங்கை வேலையாக்குகிறது எனக் கொள்வோம். அங்ஙனமாயின், சூடான இடத்தின் உஷ்ணநிலை குளிர்ந்த இடத்தினதைப்போல் இருமடங்கு என்று கொள்ளலாம். இயந்திரத்தினுள் நீராவி இருப்பினும் வேறெது இருப்பினும் இவ்விகிதம் மாறாது. அத்திப்பட்டிலுள்ள வடசென்னை அனல்மின் நிலையமும் இவ்விதியை மீறமுடியாது. எவ்வளவு திறமையாக அமைத்தாலும், உஷ்ணத்தில் ஒரு பங்கு கழிந்தே தீரவேண்டும். கழிக்கும் இடம் தனிப்பூஜ்யத்தில் இருந்தாலன்றி முழுமையும் வேலையாகாது. தாம்சன் 1892-இல் கெல்வின் பிரபு ஆனார். கெல்வின் என்பது அவர் பணிபுரிந்த கிளாஸ்கோ சர்வகலாசாலையை ஒட்டி ஓடும் ஆற்றின் பெயர். அப்பெயரே இன்று உஷ்ணநிலையின் அலகாகியுள்ளது. கெல்வின் ஒன்றின் அளவு சென்டிகிரேடு டிகிரி ஒன்றின் அளவே. எண்ணத் தொடங்கும் இடம் மாத்திரம் தனிப்பூஜ்யம்.

இம்முறையில், முன்கூறிய 20 டிகிரி ஏறக்குறைய 293 கெல்வின். 40 டிகிரி 313 கெல்வின். ஏற்றம் நூற்றுக்கு ஏழளவே. உண்மையிலேயே இருமடங்காகியிருந்தால், உஷ்ணநிலை 586 கெல்வின், அதாவது 313 டிகிரி ஆகியிருக்கும். வெள்ளீயம் உருகி ஓடியிருக்கும்!

இனி, உஷ்ணநிலை என்பதுதான் யாது? பொருள்கள் யாவும் ஓயாது அசையும் அணுக்களாலும் மூலக்கூறுகளாலும் ஆனவை. நாம் சுவாசிக்கும் காற்றின் மூலக்கூறுகள் விநாடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் வேகத்தில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கின்றன. வாயுவில் ஒரு மூலக்கூறின் சராசரி அசைவுச் சக்தி கெல்வின் கணக்கிலுள்ள உஷ்ணநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. இது எளிதில் விளங்குவது. ஆயினும் எல்லாப் பொருள்களுக்கும் பொருந்தும் இலக்கணம் இன்னும் ஆழமானது. ஒரு பொருளிலுள்ள சக்தியை அதன் அணுக்கள் தம்முள் பங்கிட்டுக்கொள்ளும் வகைகள் எண்ணிறந்தன. சிறிது சக்தியைச் சேர்த்தால் அவ்வகைகளின் தொகை பெருகும். வறண்ட வயலில் ஊற்றிய ஒரு குடம் நீர் பெரிய மாறுதலைச் செய்கிறது. நிரம்பிய ஏரியில் ஊற்றிய குடம் தெரிவதேயில்லை. அதுபோல, குளிர்ந்த பொருளில் சேர்ந்த சிறு சக்தி அவ்வகைகளை வெகுவாகப் பெருக்கும். சூடான பொருளில் அவ்வளவு பெருக்காது. பங்கீட்டு வகைகளைக் குறித்த ஒரு மடங்கு பெருக்குவதற்கு எவ்வளவு சக்தி வேண்டுமோ, அதுவே உஷ்ணநிலையை அளப்பதாகும். சூடான பொருள் சக்தியை இழப்பதால் குறையும் வகைகளைவிட, குளிர்ந்த பொருள் அதனைப் பெறுவதால் கூடும் வகைகள் மிகப் பல. ஆதலின் உஷ்ணம் சூட்டிலிருந்து குளிருக்கே செல்கிறது. நாம் அன்றாடம் காணும் இவ்வழக்கத்தின் உட்பொருள் இதுவே.

ஆஸ்திரிய அறிஞர் போல்ட்ஸ்மன் இக்கருத்துக்கு வழிகாட்டியவர். உஷ்ணநிலையையும் சக்தியையும் இணைக்கும் எண்ணுக்குப் போல்ட்ஸ்மன் மாறிலி என்று பெயர். 1954 முதல் கெல்வினை நீரைக் கொண்டே வரையறுத்து வந்தனர். பனிக்கட்டி, நீர், நீராவி மூன்றும் ஒருங்கே நிலைத்திருக்கும் உஷ்ணநிலை 273.16 கெல்வின் என்பது அவ்வரையறை. 2019-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் முதல் அவ்வழக்கம் மாறிவிட்டது. 1.380649 என்ற எண்ணை, 1-க்குப் பின் 23 பூஜ்யங்கள் இட்ட எண்ணால் வகுத்து வரும் அளவு ஜூல் சக்தியே, ஒரு கெல்வினுக்கு ஈடான போல்ட்ஸ்மன் மாறிலி என்று உலக நாடுகள் உடன்பட்டு நிலைநாட்டின. ஆகவே இன்று உஷ்ணநிலையின் அலகு பாதரசத்தையோ நீரையோ நம்பியிருக்கவில்லை. சக்தியின் அளவையே நம்பியிருக்கிறது.

தனிப்பூஜ்யத்தில் அணுக்களின் அசைவு யாவும் நின்றுவிடும் என்று பலர் எழுதுவதுண்டு. அது முற்றும் சரியன்று. குவாண்டம் விதிகளின்படி, மிகத் தாழ்ந்த நிலையிலும் அணுக்களிடம் ஒரு சிறு அசைவு எஞ்சியிருக்கும். அதனை எவராலும் பறிக்க இயலாது. ஹீலியமே இதற்குச் சாட்சி. சாதாரண வாயுமண்டல அழுத்தத்தில் அதனைத் தனிப்பூஜ்யத்தை அண்டும்வரை குளிர்வித்தாலும் உறையாமல் திரவமாகவே நிற்கிறது. ஆதலின், தனிப்பூஜ்யம் என்பது சக்தியே இல்லாத நிலையன்று; பிறிதொரு பொருளுக்கு உஷ்ணமாகக் கொடுப்பதற்கு ஏதும் எஞ்சாத நிலை என்று கொள்வதே தகும்.

அந்நிலையை அடைய முடியுமா? முடியாது என்கிறது உஷ்ணவியலின் மூன்றாம் விதி. ஜெர்மானிய அறிஞர் நெர்ன்ஸ்ட் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கு வித்திட்டார். ஒரு சிறு கணக்கால் அதன் கடுமையை உணரலாம். வெளியே 300 கெல்வின் உஷ்ணநிலை இருக்கையில், 3 கெல்வினிலுள்ள பொருளிலிருந்து ஒரு ஜூல் உஷ்ணத்தை வெளியேற்ற, குறையற்ற இயந்திரமும் 99 ஜூல் வேலை செய்தாகவேண்டும். பொருள் 0.3 கெல்வினில் இருந்தால் 999 ஜூல் வேண்டும்; 0.03 கெல்வினில் இருந்தால் 9,999 ஜூல் வேண்டும். நெருங்க நெருங்க விலை ஏறிக்கொண்டே போகிறது. பூஜ்யத்தின் விலையோ எண்ணில் அடங்காதது. மேல்நோக்கிச் சென்றால் இத்தகைய தடை இல்லை. கும்மிடிப்பூண்டி உலையைவிடச் சூரியனின் மேற்பரப்பு மும்மடங்கு சூடானது. அதன் நடுப்பகுதியோ ஒன்றரைக் கோடி கெல்வின். சூட்டுக்குக் கூரை காணப்படவில்லை. குளிருக்கோ தரை உண்டு.

அத்தரையை நோக்கி மனிதர் இறங்கிய வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 1868-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை, அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரிலிருந்து பிரான்சு தேசத்து ஜான்சன் ஆராய்ந்தார். அக்கிரகணத்தின்போது சூரியனின் விளிம்பொளியில் காணப்பட்ட மஞ்சட் கோடு, பின்னர் ஹீலியம் எனப் பெயரிடப்பட்ட மூலப்பொருளினது எனத் தெளிந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1908 ஜூலை 10-ஆம் நாள், ஹாலந்து தேசத்து லைடன் நகரில் காமர்லிங் ஆன்ஸ் அதே ஹீலியத்தைத் திரவமாக்கி ஏறக்குறைய 4 கெல்வினை எட்டினார். அக்குளிரில் பாதரசம் மின்சாரத்தைத் தடையின்றிக் கடத்துவதை 1911-இல் கண்டறிந்தார். வத்திராயிருப்பில் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்ற கே. எஸ். கிருஷ்ணன், புதுதில்லித் தேசிய பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தின் முதல் இயக்குநராக அமர்ந்து, அங்கே தாழ்ந்த உஷ்ணநிலை ஆராய்ச்சிக்கு அடிகோலினார். மிஷன் கல்லூரி மாணவர்கள் பெருமையுடன் நினைக்கத்தக்கது இது. டாக்காவில் ஆசிரியராயிருந்த சத்தியேந்திரநாத் போஸ் 1924-இல் எழுதிய கட்டுரையிலிருந்து ஐன்ஸ்டைன் விரித்துரைத்த ஒரு புதுநிலை, 1995-இல் அமெரிக்காவில் ருபிடியம் அணுக்களைக் குளிர்வித்துக் காட்டப்பட்டது. ஒரு கெல்வினைக் கோடி கூறாக்கினால், அவற்றுள் இரண்டு கூறுக்கும் குறைவான உஷ்ணநிலை அது. 2021-இல் ஜெர்மனியின் பிரெமன் நகரில் செய்த சோதனையில், ஒரு கெல்வினின் லட்சம் கோடி கூறுகளுள் 38 கூறு அளவுக்கு இறங்கினர். எனினும் பூஜ்யம் எட்டாமலே நிற்கிறது.

எட்டாத பூஜ்யத்தால் பயன் என்ன என்று வினவலாம். எட்டாவிடினும் அதிலிருந்து எண்ணினால்தான் கணக்குச் சரியாகிறது. 27 டிகிரியில், அதாவது 300 கெல்வினில், அழுத்தி நிரப்பிய ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று தீயருகில் சிக்கி 327 டிகிரியை, அதாவது 600 கெல்வினை அடைந்தால், அதன் உள்ளழுத்தம் இருமடங்காகும். சென்டிகிரேடு எண்களை வைத்து விகிதம் பார்ப்பவன் பன்னிரண்டு மடங்கு என்று தவறாகச் சொல்வான். (திரவமாக நிரப்பப்படும் சமையல் வாயுவுக்கு இக்கணக்குப் பொருந்தாது, அதன் அழுத்தம் சூட்டில் இதைவிட வேகமாக ஏறும்.) எண்ணூர்த் தொட்டியிலுள்ள திரவம் 111 கெல்வினில் இருக்கிறது. நமக்குக் கடுங்குளிராகத் தோன்றும் அதற்கு, நம் மார்கழிக் காற்றும் உலைக்களமே. அது குழாயில் அடைபட்டுச் சூடேறினால், வாயுவாகி ஏறக்குறைய 600 மடங்கு இடத்தை நாடும். இடம் கிடையாவிடின் குழாயை வெடிக்கச் செய்யும். ஆதலாற்றான் அத்தகைய குழாய்களில் அழுத்தம் தணிக்கும் வால்வுகள் வைக்கப்படுகின்றன. அவ்வால்வை அடைப்பதோ, வெறுங்கையால் அக்குழாயைத் தொடுவதோ அறியாமையால் நேரும் விபத்துக்கு அழைப்பாகும்; அத்தகைய குளிரும் தோலைத் தீயைப்போலவே புண்படுத்தும். 2023 ஜூலை 14-இல் சந்திரயான் மூன்றை ஏந்திச்சென்ற ராக்கெட்டின் மேற்பகுதி, 20 கெல்வின் திரவ ஹைட்ரஜனையும் 90 கெல்வின் திரவ ஆக்சிஜனையும் கலந்தெரித்தே தன் பணியை முடித்தது. சென்னை மருத்துவமனைகளில் நோயாளியின் உள்ளுறுப்புகளைப் படம்பிடிக்கும் எம்.ஆர்.ஐ. இயந்திரங்களுள் பெரும்பாலானவற்றின் காந்தச் சுருள்களை, குண்டூர்க் கிரகணத்தோடு வரலாறு தொடங்கிய அதே ஹீலியம் 4 கெல்வினில் காத்துவருகிறது.

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவது யாதெனின், உஷ்ணநிலை நம் தோலின் உணர்ச்சியன்று, உஷ்ணத்தின் தொகையன்று, பாதரசத்தின் நீளமும் அன்று. சக்தி எப்பக்கம் செல்லும் என்பதை நிர்ணயிக்கும் இயற்கையின் மட்டம் அது. அம்மட்டத்துக்கு ஒரு தரை உண்டு. அதனை மனிதர் வகுக்கவில்லை, கண்டறியவே செய்தனர். கள்ளத் தராசு வியாபாரத்தைக் கெடுப்பதுபோல், தவறான பூஜ்யம் அறிவைக் கெடுக்கிறது. ஆலையிலோ உயிரையும் கெடுக்கக்கூடும். ஆதலின், அளக்குமுன் எங்கிருந்து அளக்கிறோம் என்று கேட்கும் வழக்கத்தை மாணவர்கள் கைக்கொள்வார்களாக. உஷ்ணநிலைக்கு மட்டுமின்றி, எதற்கும் அது நல்வழக்கமே.